மொட்டை உளியும் கிழவிக்கல்லும்

என் வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிப்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கோப்பை நிறையத் தேநீர் கொடுக்கும் என் மனைவி, எனக்கு மட்டும் அரைக் கோப்பை தருவார். நிறையத் தந்தால் பாதி நான் கட்டியிருக்கும் சாரத்துக்குத்தான் போகும். வாழ்நாள் முழுக்கக் கல்லுடைக்கும் ஜக்ஹமர் பிடித்த கை இது. இப்போது ஒன்றையும் பிடிக்காதபோதும் தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது, எங்கள் வீட்டில் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் சமாதானம் பேச வந்துவிட்டார். மனைவி என்னிடம் கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டதைத்தான் அவர் சண்டை என்று நினைத்திருந்தார்.

இப்படி ஒரு கையையும் இரண்டு காதுகளையும் எனக்குத் தந்த தொழிலுக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். கையுறை போடுங்கள், காதை அடையுங்கள். இதோடு நான் நிறுத்தியிருந்தால் நல்ல மனிதன் என்று பெயர் எடுத்திருப்பேன். ஆனால் நீங்கள் நெல்லியடிக்கு என்னைத் தேடி வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டீர்கள். ஓய்வுபெற்றவனிடம் கேள்வி கேட்டால் இலேசில் எழும்பிப் போக முடியாது.

எந்த ஜக்ஹமர் நல்லது என்று கேட்டீர்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கல் உடையாவிட்டால் நாங்களும் முதலில் மெசினைத்தான் சொல்லுவோம். உண்மையில் எல்லா ஜக்ஹமருக்கும் வயிற்றுக்குள் நடப்பது ஒன்றுதான். உள்ளே ஓர் உருளை இரும்பு மேலும் கீழும் ஓடுகிறது. கீழே வரும்போது உளியின் தலையில் குட்டுகிறது. குட்டு வாங்கிய உளி அதைக் கல்லிடம் கொடுத்துவிடுகிறது. அந்த உருளையை ஓட வைப்பது எது என்பதில்தான் வகை பிரிகிறது.

கரண்டில் ஓடுவது வீட்டுக்குள் வேலை செய்ய நல்லது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் போன வருடம் ஆசையாகப் பதித்த மாபிளை, இந்த வருடம் ஆசையாகப் பெயர்ப்பதற்கு அதைத்தான் கொண்டு போவோம். பெற்றோலில் ஓடுவது கரண்ட் இல்லாத காணிகளுக்கு. மண் தோண்டும் பெக்கோவின் கையில் பூட்டி எண்ணெய் அழுத்தத்தில் அடிப்பது பெரியது. மதிலை உடைக்கப் போய் மதிலோடு மாமரத்தையும் சேர்த்து முடித்துவிடும். நான் பிடித்ததெல்லாம் பழைய காற்று ஜக்ஹமர். கொம்பிறசர் ஒரு மூலையில் நின்று காற்றை அமுக்கி அனுப்பும். காற்று குழாய் வழியாக வந்து உருளையை மேலும் கீழும் தள்ளிவிட்டு, பக்கத்து ஓட்டையால் வெளியே போகும். நீங்கள் கேட்கும் அந்தப் பேய்ச் சத்தத்தில் பாதி, வெளியே போகிற காற்றின் சத்தம். அதை அடக்க இறப்பரில் ஒரு சட்டை போட்டு விடுவார்கள். இந்தச் சட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

என் முதல் வேலை அரியாலையில் ஒரு வீட்டு முற்றம். கொங்கிறீற்றை உடைக்க வேண்டும். அப்போது எனக்கு உடம்பில் பலம் இருந்தது, மண்டையில் ஒன்றும் இருக்கவில்லை. முற்றத்தின் நட்டநடுவில் உளியை ஊன்றி, வயிற்றைக் கைபிடியில் வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்தேன். உளி கழுத்துவரை இறங்கியது. இறங்கி, அங்கேயே இருந்துவிட்டது. இழுத்தேன், ஆட்டினேன், ஏசினேன். கடைசியில் மெசின் கழன்று கையோடு வந்தது. உளி முற்றத்தில் நின்றது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து பார்த்தார்.

"தம்பி, கொடிக்கம்பம் நடவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

என்னை வேலைக்குப் பழக்கியவர் கடப்பாரை போன்ற அலவாங்கோடு வந்து அந்த உளியைத் தோண்டி எடுத்தார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். என்னைப் பழக்கியவர் என்ற பழி அவருக்கு வேண்டாம். "கல்லுக்குப் போக இடம் குடு," என்றார். "ஓரத்தாலை வா. நடுவிலை குத்தினால் அது எங்கை போறது? போக இடமில்லாட்டி உன்ரை உளியைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும்." தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த நாலு வசனம்தான். மிச்சமெல்லாம் தழும்பு.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். வடமராட்சியின் வடகரையில் ஒரு மீனவக் கிராமம். பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே போய் என்னைப் பற்றி விசாரிப்பீர்கள். அந்தக் கரையில் கடலுக்கும் மணலுக்கும் நடுவே பவளப்பாறைத் திட்டான முருகைக்கற்பார் நீளமாகக் கிடக்கிறது. படகு கரைக்கு வர அதில் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை வான் என்பார்கள். அந்தக் காலத்து ஆட்கள் அலவாங்கால் குத்தித் திறந்த வான் அது. இரண்டு படகுகள் அருகருகே வர முடியாது. அதன் தரையில் சில கற்கள் மேலே நீட்டிக்கொண்டு, படகு எஞ்சின்களின் விசிறியை உடைத்துக்கொண்டிருந்தன. வாடைக்காற்றுத் தொடங்க முன்னர் அவற்றை எடுத்துத் தரும்படி மீனவர் சங்கம் எங்கள் முதலாளியிடம் கேட்டது. முதலாளி என்னையும் தவத்தையும் அனுப்பினார். தவம் திருநெல்வேலிப் பெடியன், கொம்பிறசர் ஓட்டுகிறவன். என்னைவிட வயதில் குறைந்தவன், புத்தியில் கூடியவன். அதை நான் அப்போது ஒப்புக்கொள்வதில்லை.

சங்கத் தலைவர் செபமாலை அண்ணைக்கு நான் கரையில் நின்று ஒரு பிரசங்கம் வைத்தேன். கரண்ட் மெசின் உப்புத்தண்ணீரில் ஆளையே கொல்லும். பெற்றோல் மெசின் ஒரு அலையோடு இருமிச் செத்துவிடும். பெக்கோ பாரில் ஏறினால் கீழே உள்ள குடைவுகள் இடிந்து அதுவும் பாராகிவிடும். ஆகவே காற்று ஜக்ஹமர்தான். கொம்பிறசர் மணலில் நிற்கும், குழாய்களைப் பூட்டிப் பூட்டி வான் வாசல்வரை கொண்டுபோவோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உடைக்கிற கல்லுக்கெல்லாம் சிவப்புப் பூசி விட்டிருக்கிறன்," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அவ்வளவு போதுமாகவும் இருந்தது, என்னைத் தவிர வேறு யாருக்கும்.

வானுக்கு நேரே இருந்த வீடு றீற்றாவுடையது. அவருடைய கணவர் அருளப்புவும் மூத்த மகனும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். கடல் வற்றும் நேரங்களில்தான் எங்களுக்கு வேலை. மற்ற நேரங்களில் றீற்றா தந்த பொரித்த மீனைத் தின்றுகொண்டு மணலில் கிடப்போம். கடல் வேலையில் நான் கண்ட ஒரே சுகம் அது. நான் வலிகாமத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலை எனக்குக் குழம்பில்தான் பழக்கம்.

சிவப்புப் பூசிய கற்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஓரத்தால் வந்து, போக இடம் கொடுத்து, மிக அழகாக உடைத்தேன். கடைசி நாள் பின்னேரம் வேலை முடிந்துவிட்டது. கடல் இன்னும் வற்றித்தான் இருந்தது, கொம்பிறசரில் டீசலும் இருந்தது. வேலை முடிந்த பிறகும் நேரமும் டீசலும் மிஞ்சியிருப்பது எங்கள் தொழிலில் ஆபத்தான நிலை. நான் நிமிர்ந்து என் கைவேலையை ரசித்தேன். அப்போதுதான் வான் வாசலின் கிழக்கு ஓரத்தில் நின்ற கல் கண்ணில் பட்டது. தண்ணீருக்கு மேலே நிற்கும் பெரிய கல். அடியில் குடைந்து, மேற்பாதி கூன் விழுந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலை இவ்வளவு சீராக்கிய பிறகு, ஓரத்தில் இந்தக் கோணல் எனக்குப் பிடிக்கவில்லை.

உளியை அதன் பக்கம் கொண்டுபோனேன்.

"அண்ணை, அதிலை சிவப்பில்லை," என்றான் தவம்.

"பெயின்ற் முடிஞ்சிருக்கும்," என்றேன்.

"அதுக்குள்ளை ஏதோ முனகிற மாதிரிக் கேக்குது."

நான் நின்று காது கொடுத்தேன். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றேன். என் காதைச் சாட்சிக்குக் கூப்பிட்ட நாளை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வரும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நான் சங்கு இல்லை என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கூனலின் ஓரத்தில் உளியை வைத்தேன். அடியில் வெறும் குடைவு. கல்லுக்குப் போக இடம் தாராளமாக இருந்தது. மேற்பாதி வான் வாசலுக்கு வெளியே, பாரின் பக்கம் முழுதாக விழுந்தது. இடுப்பளவு மொட்டைக் கல் மட்டும் மிஞ்சியது. ஒருவரும் கேட்காமல் செய்த உதவி என்ற பெருமையோடு கரைக்கு வந்தேன்.

படகுகள் பின்னேரம் அந்த வானால் கடலுக்குப் போயின. விசிறி ஒன்றும் தட்டவில்லை. போகிற அவசரத்தில் அவர்களும் கிழக்குப் பக்கம் பார்க்கவில்லை. வாசலின் கீழே கல் இல்லை என்ற சந்தோசத்தில் எல்லாரும் தண்ணீரைத்தான் பார்த்தார்கள். அருளப்பு எழும்பி நின்று எங்களுக்குக் கை காட்டினார். கொம்பிறசரை இழுத்துப் போக உழவு இயந்திரம் காலையில்தான் வரும் என்பதால், நானும் தவமும் சங்கத்தின் வலை வாடிக் கொட்டிலில் படுத்தோம்.

விடியும்போது தவம் என்னை உலுக்கினான். வெளியே வந்தால் கடல் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் சுவர். வாடை சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கிவிட்டது. மழை மூட்டம், வான் வாசல் தெரியவில்லை, என் கால்விரல்களே மங்கலாகத்தான் தெரிந்தன. கரை முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. எல்லாரும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நனைந்த கோழிகள் நிற்பது மாதிரி ஏன் நிற்கிறார்கள் என்று யோசித்தேன்.

றீற்றாவின் கையில் கைத்தொலைபேசி இருந்தது. அதில் அருளப்புவின் குரல் விட்டுவிட்டு வந்ததைத் தவம் எனக்குக் காதோடு கத்திச் சொன்னான். மற்றப் படகுகள் மூட்டம் கண்டவுடன் கிழக்கே துறைமுகத்துக்குப் போய்விட்டன. அருளப்புவின் படகும் வேறு இரண்டும் பிந்திவிட்டன. இப்போது எதிர்க்காற்றில் துறைமுகத்துக்குப் போக எண்ணெய் காணாது. பாருக்கு வெளியே நிற்கிறார்கள். காற்று அவர்களைப் பாரின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. வானைப் பிடித்தால் கரை. ஒரு படகு அகலம் தவறினால் பார்.

"போனிலை கடல் படம் இருக்குத்தானே, அதைப் பாத்து வரேலாதோ?" என்று கேட்டேன்.

"கரை எங்கை எண்டு அது சொல்லும். கதவு எங்கை எண்டு சொல்லாது," என்றார் செபமாலை அண்ணை. பிறகு றீற்றாவைப் பார்த்து, "பிள்ளை, உனக்கும் கேக்கேல்லையோ?" என்றார்.

"இல்லை அண்ணை. அவரும் அதைத்தான் கேக்கிறார். கிழவி எங்கை, கிழவியின்ரை சத்தத்தைக் காணேல்லை எண்டு கேக்கிறார்."

கிழவி யார் என்று நான் கேட்டேன். செபமாலை அண்ணை கடலைப் பார்த்தபடியே சொன்னார். "வான் வாசலிலை கிழக்குப் பக்கம் கூனிக்கொண்டு நிக்கிற கல்லு. கடல் எழும்பினால் அலை அவவின்ரை வயித்துக்குள்ளை போய் உறுமும். மூட்டத்துக்கை அவவை இடக்கைப் பக்கம் விட்டிட்டு நேரை வந்தால் வான். இண்டைக்கு என்ன நடந்தது எண்டு தெரியேல்லை."

என்ன நடந்தது என்று அந்தக் கரையில் இரண்டு பேருக்குத் தெரியும். தவம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். காற்றில் விழுந்திருக்கும், கடல் இழுத்திருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் என்னை ஒருவரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் ஒருவேளை கிழவி நிற்கிறாளோ என்று, கேட்கும் கேட்கும் என்று இன்னும் காத்திருப்பார்கள். அதற்கு நேரம் இருக்கவில்லை.

"கிழவி இல்லை," என்றேன். "நேற்று நான் உடைச்சனான்."

றீற்றா என் பக்கம் திரும்பினார். "ஏன் உடைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"வடிவில்லாமல் கிடந்தது," என்றேன்.

தம்பிமாரே, என் வாயிலிருந்து வந்த வசனங்களிலேயே கேவலமானது அதுதான். அதற்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம். அவர் தொலைபேசியைக் காதில் வைத்து, "கிழவி இல்லையாம், கிட்ட வராதையுங்கோ," என்று மட்டும் சொன்னார். என் மந்தக் காதுக்கு அவர் குரலின் கோபம் கேளாதது அன்று ஒரு வசதி. ஆனால் அவர் முகத்தை நான் பார்த்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

யாரோ ஓடிப்போய் மாதா கோயில் மணியை அடித்தார்கள். செபமாலை அண்ணை தலையாட்டினார். "மணி கரையிலை. கரை எங்கை எண்டு அவங்களுக்குத் தெரியும். சத்தம் வாசலிலை வேணும். கிழவி நிண்ட இடத்திலை வேணும்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் தட்டியது. சத்தம் போடுகிறேன் என்று சந்தியெல்லாம் ஏச்சு வாங்கியவன் நான். கோயில்காரர், பள்ளிக்கூடக்காரர், பிள்ளையை நித்திரையாக்கிய தாய்மார் எல்லாரிடமும் வாங்கியிருக்கிறேன். ஊரில் சத்தத்துக்கு ஒரு முதலாளி உண்டென்றால் நான்தான்.

"சத்தம் என்னட்டை இருக்கு," என்றேன்.

கொம்பிறசர் மணலில்தான் நின்றது. குழாய்களை நாங்கள் இன்னும் கழற்றிச் சுருட்டவில்லை. சோம்பலால் விட்டது, அதைத் திட்டமிட்டு விட்டதாகப் பிறகு முதலாளியிடம் சொன்னேன். தவம் கொம்பிறசரை உதைத்து எழுப்பினான். நான் ஜக்ஹமரின் இறப்பர்ச் சட்டையைக் கத்தியால் கிழித்து எறிந்தேன். செபமாலை அண்ணையும் இன்னொருவரும் என் இடுப்பில் கயிறு கட்டி, பாரின்மேல் என்னை நடத்திக்கொண்டு போனார்கள். முந்தைய நாள் கணுக்காலை நனைத்த தண்ணீர் இப்போது நெஞ்சுக்கு வந்து வந்து போனது. நீந்தத் தெரியுமோ என்று செபமாலை அண்ணை பாதி வழியில் கேட்டார். தெரியாது என்றேன். அவர் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

கிழவியின் மிச்சம் அலைக்குள் மறைந்து மறைந்து தெரிந்தது. இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜக்ஹமரை வெறுங்காற்றில் அடிக்க விட்டால் கொஞ்ச நேரத்தில் உளியைப் பிடித்திருக்கும் முன்பிடி கழன்று உளி கடலுக்குள் போய்விடும். ஆகவே எதிலாவது ஊன்ற வேண்டும். அந்த இடத்தில் ஊன்ற இருந்தது அந்த மொட்டைக் கல் ஒன்றுதான். கூர் உளியோடு ஓரத்தால் அடித்தால் அதுவும் உடைந்து போகும். அதோடு சத்தமும் போகும், நான் நிற்கும் இடமும் போகும். எனக்கு நேற்றுவரை உடைக்கத்தான் தெரியும். இப்போது உடையாமல் அடிக்க வேண்டும், பேயாகச் சத்தம் போட்டு, ஒன்றையும் உடைக்காமல்.

கருவிப் பையில் ஒரு மொட்டை உளி கிடந்தது. தீட்டக் கொடு, தீட்டக் கொடு என்று தவம் மாதக்கணக்காகச் சொல்லி, நான் நாளைக்கு நாளைக்கு என்று கடத்திய உளி. வாடியிலிருந்து வரும்போது அதைத்தான் பூட்டிக்கொண்டு வந்தேன். அரியாலை முற்றம் நினைவுக்கு வந்தது. ஓரத்தை விட்டேன். கல்லின் நட்டநடுவில் உளியை ஊன்றி, வயிற்றைக் கைபிடியில் வைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்தேன். கல்லுக்குப் போக இடம் கொடுக்கவே இல்லை. தொழிலுக்கு வந்த முதல் நாள் செய்த முட்டாள் வேலையை, வருடக்கணக்கில் அனுபவம் பெற்ற பிறகு, அப்படியே அச்சாகச் செய்தேன்.

அது அலறியது. சட்டை இல்லாத ஜக்ஹமர் கிட்டத்தில் எப்படி அலறும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கே கேட்டது என்றால் பாருங்கள். உளி மெல்ல இறங்கி, பழையபடி மாட்டிக்கொண்டது. மாட்டினால் என்ன, அடி நிற்கவில்லை. மேலும் ஒரு நன்மை. அலை வந்து என் காலை இழுத்தபோதெல்லாம், கல்லில் இறுகிய உளிதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. தொழிலில் உளி மாட்டியதற்கு நான் சந்தோசப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

கரையில் றீற்றா தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தவம் பிறகு எனக்குச் சொன்னான். "இப்ப ஒரு சத்தம் கேக்கும். அது கிழவியின்ரை இடம். இடக்கையிலை விட்டு வாங்கோ. கேக்குதோ? கேக்குதோ?" பிறகு அருளப்பு, "கிழவிக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் றீற்றா மணலில் உட்கார்ந்தாராம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, எல்லாத் தெய்வத்தையும் சமயம் பாராமல் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். முதற்படகு எனக்குப் பக்கத்தால் போனதை நான் காணவேயில்லை. அது எழுப்பிய தண்ணீர் முகத்தில் அடித்தபோதுதான் திரும்பினேன். இரண்டாவது மூட்டத்திலிருந்து வந்து, கையால் தொடும் தூரத்தில் போனது. அருளப்பு கடைசியாக வந்தார். எண்ணெய் குறைவு, எஞ்சின் விட்டுவிட்டு இழுத்தது. மகன் முன்னால் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். அருளப்பு தண்ணீரைப் பார்க்கவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, என் சத்தத்தைக் கேட்டபடி நேரே உள்ளே போனார். எனக்குத் தெரிந்து என் ஜக்ஹமரை ஒரு மனிதன் அப்படி ஆசையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். றீற்றா தேநீர் தந்தார். கோப்பையைப் பிடித்தேன்; முழுவதும் மணலில் ஊற்றுண்டது. அவர் மறுபடி ஊற்றினார், இந்த முறை அரைக் கோப்பை. என் வீட்டில் இன்று நடப்பது அங்கே தொடங்கிய வழக்கம்.

"உங்களை நல்லாப் பேச வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு நிண்டனான்," என்றார். "இப்ப பேசவும் ஏலாமல் கிடக்கு."

"பேசுங்கோ," என்றேன். "எனக்குக் கேக்காது."

அவர் சிரிக்கவில்லை. செபமாலை அண்ணைதான் சிரித்தார், அதுவும் கொஞ்சம். பிறகு, "இந்த வாடை முழுக்க என்ன செய்யப் போறம்?" என்று கேட்டார். அதற்குப் பதில் என்னிடம்தான் இருக்க வேண்டியிருந்தது. அந்த வாடை முழுக்க, மூட்டம் போட்ட விடியல்களில் எல்லாம் நானும் தவமும் கொம்பிறசரோடு அந்தக் கரையில் நின்றோம். கல்லை உடைக்காமல் அடிப்பதற்குக் கொம்பிறசர் கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று முதலாளி சொன்னார். ஏசிவிட்டுத் தந்தார்.

காற்று மாறிக் கடல் அடங்கிய பிறகு கிழவிக்குப் புது வயிறு செய்யப் போனேன். விழுந்த துண்டைத் தூக்கிப் பழையபடி கல்லின்மேல் வைக்க ஊரே சேர்ந்து இழுத்தது. அதைக் கம்பி போட்டு, கொங்கிறீற்றால் இறுக்கினோம். ஆனால் ஒட்டின கல் உறுமவில்லை. அடிக் குடைவின் வடிவம் என் உளியால் கெட்டுப்போயிருந்தது. பெரிய ஜக்ஹமரைக் கிட்டக் கொண்டு போகவே எனக்குப் பயம். ஒரு கையால் பிடிக்கக் கூடிய சின்னக் காற்றுச் சுத்தியல் ஒன்று உண்டு. சுவரில் சாந்து கொத்துவோமே, அது. அதோடு போய் வயிற்றுக்குள் படுத்து, கொஞ்சம் கொத்துவேன். அலை வரும்வரை ஒதுங்கி நிற்பேன். கரையில் றீற்றா நிற்பார். என் காது வேலைக்கு உதவாது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால், அவர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும். அலை உள்ளே போகும். நான் அவரைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று கையை ஆட்டுவார். மறுபடி கொத்துவேன். உடைக்கிறதில் பெயர் எடுத்தவன், சுண்டுவிரல் நகம் அளவு கல்லைப் பயந்து பயந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னேரம் அவர் கையை ஆட்டவில்லை. ஓம் என்று தலையை ஆட்டினார்.

நான் நம்பவில்லை. பாவம் பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். தவத்திடம் கேட்டேன், கேட்குது என்றான். அவன் என்னை வீட்டுக்குப் போக விட வேண்டும் என்று சொல்கிறான் என நினைத்தேன். தன் காதை நம்பிக் கெட்டவனுக்குப் பிறர் காதையும் நம்ப முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக் கூடியது இதுதான். எந்த மெசின் என்பது பெரிய விடயமில்லை. ஒன்றை உடைக்க முன்னர், நீங்கள் இல்லாத நேரத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று அங்கே இருக்கிறவர்களிடம் கேளுங்கள். சிவப்புப் பூசாததைத் தொடாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவன் ஏதோ கேட்குது என்று சொன்னால், கொம்பிறசரை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். உங்களுக்குக் கேட்காவிட்டால் இன்னொருவனையும் கூப்பிடுங்கள்.

அடுத்த வாடை தொடங்கிய கிழமை, விடியற்காலை பஸ் பிடித்து அந்தக் கரைக்குப் போனேன். கொம்பிறசர் கொண்டு போகவில்லை. மழை மூட்டம், கடல் தெரியவில்லை. கரையில் ஆட்கள் தங்கள் பாட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை சாய்த்து நிற்கவில்லை. றீற்றா என்னைக் கண்டுவிட்டு அரைக் கோப்பை தேநீரோடு வந்தார். கிழவியின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை எனக்கு. சாம்பல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. அருளப்பு பின்னால் நின்று ஓட்டினார். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு நேரே உள்ளே வந்தார்.